மார்பகப் புற்றுநோய்: சிகிச்சையின் போதும் பிறகும் நலமாக வாழ



இந்த மாத நலப்பாடத்தை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். அந்தத் தவறு நம் அறக்கட்டளையினுடையது. செயலாளர் என்ற முறையில் என்னுடையதும்கூட.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ச் சகோதரி ஒருவர் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக உதவி கேட்டு விண்ணப்பித்தார். அப்போது நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய தொகை தேவைப்பட்டால் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்து வசூலிப்போம். அன்றும் அப்படியே செய்தோம். இன்னாருடைய மனைவி, இன்ன தெரு, இன்ன நோய் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. தேவையான தொகை அன்றே சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சகோதரி மூன்றாவது கீமோவுக்குப் போகவில்லை.

என் மனைவி பார்க்கப் போனபோது அவர் சொன்னது இதுதான்: "லாத்தா, காசு தந்தாங்க, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனா எனக்கு எங்கே நோய்னு ஊர் ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனி இந்தத் தெருவிலே நான் எப்படி நடப்பேன்?"

நாங்கள் மருந்துக்கு வழி செய்தோம், மானத்தைக் கவனிக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றோடு அந்த வழக்கமும் நின்றது. அவர் ஒரு மாதத் தாமதத்துக்குப் பின் சிகிச்சையைத் தொடர்ந்தார். இன்று அல்லாஹ்வின் அருளால் நலமாக இருக்கிறார். பெயரைச் சொல்லாமல் இதை எழுதலாம் என்று அனுமதி தந்தவரும் அவரே. "மத்த பொம்பளைங்களுக்கு உதவும்னா எழுதச் சொல்லுங்க" என்றார். கீழே உள்ளவற்றில் பலவும் அவரிடமும், அவருக்குச் சிகிச்சை அளித்தோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

ஸபர் என்றால் என்ன?

நம் பெண்களில் பலர் மார்பில் கட்டி தென்பட்டும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் "ஸபர் செய்தேன்" என்கிறார்கள். இது ஸபரைத் தவறாக விளங்கிக்கொண்டதன் விளைவு.

பொறுமைக்கு உதாரணமாக நாம் சொல்லும் அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுது அழுது கண்பார்வை மங்கும் நிலைக்கு ஆளானார்கள். இருவருமே பொறுமையாளர்கள்தாம். அழுவதும் வலியைச் சொல்வதும் ஸபருக்கு முரணல்ல. அதேபோல் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். எனவே மருத்துவரிடம் செல்வதும் தவக்குலுக்கு முரணல்ல. கட்டியை மறைத்து வைப்பதால் நோய் வளர அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

"ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது?" என்ற கேள்வி எழும். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்லலாம். கிடைக்காவிட்டால், நிர்ப்பந்தம் தடைகளைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. உடன் செவிலியரோ மஹ்ரமோ இருக்கட்டும், தேவையான இடத்தை மட்டும் காட்டட்டும். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என்பதை வரலாறு சொல்கிறது. மருத்துவத்தில் நம் முன்னோர் காட்டிய தெளிவு நமக்கும் வேண்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக

இந்தியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண் என்பதும் வயதும் தவிர வேறு தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. ஆகவே "அவள் என்ன பாவம் செய்தாளோ", "கண்ணேறு பட்டுவிட்டது", "பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் வந்தது" என்று நோயாளியின் காதில் விழும்படி பேசுவோர் நாவை அடக்கிக்கொள்ள வேண்டும். அரிதாக ஆண்களுக்கும் இந்நோய் வருகிறது.

வலியில்லாத கட்டி, அக்குளில் கட்டி, மார்பின் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். குளிக்கும் நேரமே இதைக் கவனிக்க ஏற்ற நேரம். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு நம் தெருக்களில் பரவலாக உண்டு. அது உண்மையல்ல. அந்தப் பரிசோதனை இல்லாமல் எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்று மருத்துவரால் முடிவு செய்ய முடியாது. ஒருவருக்கு அறுவை மட்டும் போதலாம். மற்றவருக்குக் கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 வகைக்கான ஊசி என்று பல சேரலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்ததை நமக்குச் செய்யவில்லையே என்று ஒப்பிட வேண்டாம்.

இது தொற்றுநோயும் அல்ல. தட்டு, தம்ளர், படுக்கையைத் தனியாக வைப்பது அறியாமை. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் தாய் வீட்டுக்கு வந்ததும் தன் பிள்ளையைக் கட்டி அணைக்கலாம். அவர் உடலிலிருந்து கதிர் எதுவும் வெளிவராது.

கீமோ நாட்களில்

கீமோ மருந்து வேகமாக வளரும் அணுக்களைத் தாக்கும். அதனால்தான் புற்றோடு சேர்ந்து முடி, வாய், வயிறு, இரத்த அணுக்கள் ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன. மருந்து நின்ற பின் இவற்றில் பெரும்பாலானவை மீண்டுவிடும்.

காய்ச்சல்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கீமோ ஏற்றிய ஓரிரு வாரங்களில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

உணவு: "பத்தியம்" என்ற பெயரில் முட்டை, இறைச்சி, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். உடல் தேறுவதற்குப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, கோழி, மீன், பருப்பு எல்லாம் கொடுக்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். குமட்டல் உள்ள நாளில் மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். அந்தச் சகோதரிக்குப் பிரியாணி மணமே ஆகவில்லை. ஆறின நோன்புக் கஞ்சிதான் இறங்கியதாம்.

வாய்ப்புண்: காரத்தையும் புளிப்பையும் குறைத்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி கொப்பளிக்கலாம். அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் முரட்டு மிஸ்வாக் ஈறைக் கிழித்துவிடும். மிருதுவான பிரஷ் போதும்.

நாட்டு மருந்து: கருஞ்சீரகமும் தேனும் நம் மார்க்கத்தில் சிறப்பித்துச் சொல்லப்பட்டவை. உணவோடு அளவாகச் சேர்ப்பது வேறு, அவற்றின் சாறெடுத்த மாத்திரைகளையும் பெயர் தெரியாத லேகியங்களையும் கீமோவோடு சேர்த்து விழுங்குவது வேறு. சில பொருட்கள் மருந்தின் வேலையைக் கெடுக்கும். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆவும் சிகிச்சையோடு சேர்ந்து நடக்கட்டும். சிகிச்சையை நிறுத்தச் சொல்லி ஓதுகிறவர் யாராக இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள்.

தொழுகையும் நோன்பும்

"நான் முழுசாத் தொழ முடியலையே" என்பதுதான் பல சகோதரிகளின் பெரிய வேதனை. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும், சைகையாலும் தொழலாம். இந்தச் சலுகை அல்லாஹ் தந்தது. அதை ஏற்பதில் குறைவு ஒன்றும் இல்லை. கையிலோ நெஞ்சிலோ பொருத்திய மருந்துக் குழாயின் கட்டு நனையக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மீது மஸஹ் செய்வது, தயம்மும் செய்வது பற்றி அவரவர் மத்ஹபுப்படி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீமோவாலும் ஹார்மோன் மாத்திரையாலும் மாதவிடாய் நிற்கலாம், தாறுமாறாக வரலாம். எது ஹைள், எது இஸ்திஹாளா என்ற குழப்பம் தொழுகையைப் பாதிக்கும். வெட்கப்படாமல் ஆலிமாவிடம் கேளுங்கள். அதேசமயம், மாத்திரை சாப்பிடும் காலத்தில் வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இருந்தால் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ஒன்று மார்க்கச் சட்டத்துக்காக, மற்றொன்று உடலுக்காக.

ரமளானில் சிகிச்சை நடந்தால் நோன்பை விட அனுமதி குர்ஆனிலேயே உள்ளது. குணமாகும் என்ற நம்பிக்கை உள்ளவர் பின்னர் களா செய்வார். அந்த நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுப்பார். கீமோ முடிந்து தினம் ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களில் பலர், மருத்துவரைக் கேட்டு அதை ஸஹரிலோ இஃப்தாரிலோ வைத்துக்கொண்டு நோன்பு நோற்கிறார்கள். கேட்காமல் தாமாக மாத்திரையை நிறுத்துவது கூடாது.

கையைக் காப்போம்

அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பதுண்டு. அப்படி எடுத்த பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்கும் வாய்ப்பு உண்டு. இது அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால் கவனம் தொடர வேண்டும்.

அந்தக் கையில் இரத்தம் எடுப்பதையும் பிரஷர் பார்ப்பதையும் கூடியவரை தவிர்த்து மறு கையை நீட்டுங்கள். இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம். மீன் ஆயும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கையுறை போடுங்கள். ஆப்பச்சட்டியும் எண்ணெய்ச் சட்டியும் சுடாமல் பிடிதுணி கொண்டு பிடியுங்கள். பெருநாளுக்கு அரைத்த மருதாணி இலை வைக்கலாம். கடையில் விற்கும் கறுப்பு மெஹந்திக் கோனில் ரசாயனம் இருக்கும், தோலைப் புண்ணாக்கும். கை சிவந்து சூடாகி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தோள் இறுகிப்போகாமல் இருக்க, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறி, எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் அந்தக் கோடு உயரும். அந்தச் சகோதரி தன் அளவுகோலைச் சொன்னார்: "தக்பீருக்குக் கை தூக்க முடியாம இருந்துச்சு. அறுவை முடிஞ்சு ஆறாவது வாரம் தூக்கினேன். அன்னைக்குத் தொழுதுட்டு அழுதேன்."

கதிர்வீச்சு நாட்களில் மார்பில் மையால் கோடு வரைந்திருப்பார்கள். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. அந்த இடத்தில் அத்தர், பவுடர், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். பருத்தி உடை தளர்வாக இருக்கட்டும்.

முடியும் மார்பும்

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும். வெளியில் முக்காடு நம் பெண்களுக்கு ஒரு வசதி. ஆனால் வீட்டுக்குள் கண்ணாடியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முன்கூட்டியே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் "மருந்தினால் கொட்டும், திரும்ப முளைக்கும்" என்று சொல்லிவிட்டால் அதிர்ச்சி குறையும். மருந்து முடிந்த சில மாதங்களில் முடி வளரும்.

மார்பை எடுத்தவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சு, சிலிக்கான் வடிவங்கள் கிடைக்கின்றன. உடை சமமாக நிற்பதற்கும், தோள் ஒரு பக்கம் சாயாமல் இருப்பதற்கும் இவை உதவும். செயற்கை மார்பு வைத்துச் சீரமைக்கும் அறுவையும் உண்டு. எல்லோருக்கும் முழு மார்பையும் எடுக்க வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பது பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இங்கே கணவன்மார்களிடம் ஒரு வார்த்தை. அய்யூப் (அலை) அவர்களின் நோய்க்காலம் முழுவதும் அவர்களுடைய மனைவி உடனிருந்து பணிவிடை செய்ததை பயான்களில் கேட்டு நெகிழ்கிறோம். மனைவி நோயுற்றால் நாம் என்ன செய்கிறோம்? "உனக்கு ஒன்றும் குறையவில்லை, நீ என் மனைவி" என்ற ஒரு சொல்லுக்காக அவள் காத்திருப்பாள். நோயாளியின் காதுபட இரண்டாவது நிக்காஹ் பற்றிப் பேசும் உறவினரைத் தடுப்பது கணவனின் கடமை. சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஹார்மோன் கருத்தடை மாத்திரை ஏற்றதல்ல. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உள்ள இளம் தம்பதியர் கீமோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கீமோ முடிந்ததும் வீட்டார் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று பழைய வேலை முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் களைப்பு பல மாதங்கள் நீடிக்கும். அது சோம்பல் அல்ல. வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலையில் உதவியவர்கள்.

களைப்புக்கு நல்ல மருந்து நடை. தினமும் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை உயர்த்தலாம். உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் நோய் திரும்பும் ஆபத்தைக் குறைக்க உதவும்.

ஹார்மோன் வகைப் புற்று உள்ளவர்களுக்கு டமாக்சிஃபென், லெட்ரசோல் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தருவார்கள். உடம்பில் திடீர்ச் சூடு, மூட்டு வலி வரலாம். அதற்காகப் பாதியில் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி சொல்வார். டமாக்சிஃபென் சாப்பிடும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். லெட்ரசோல் வகை மாத்திரைகள் எலும்பின் வலுவைக் குறைக்கும். வெயில் அதிகம் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்கள் வைட்டமின் டி, கால்சியம் பற்றி அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டைமாடிக்குப் போய்க் காலை வெயிலில் சற்று நேரம் நில்லுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு இடைவெளி விட்டும், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கொரு முறையும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்தைய இரவும் தூக்கம் வராது. இந்தப் பயம் ஈமான் குறைவு அல்ல, மனித இயல்பு. நம்பிக்கையானவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தவறில்லை.

குடும்பமும் ஜமாஅத்தும்

நோய் விசாரிப்பது சுன்னத். ஆனால் கூட்டமாகப் போய், இந்நோயால் மவுத்தானவர்களின் கதைகளைச் சொல்லிவிட்டு வருவது விசாரிப்பு ஆகாது. சளி, காய்ச்சல் உள்ளவர் போக வேண்டாம். போகிறவர் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய், பிள்ளைகளை மதரஸாவுக்கு அழைத்துச் சென்று, சீக்கிரம் விடைபெறுங்கள்.

"அந்த வீட்டில் பெண் எடுக்காதே, உம்மாவுக்குக் கேன்சர்" என்ற பேச்சால்தான் பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் வருபவை 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் பெண் பிள்ளைகள் அதை மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதைக் காரணமாக்கிச் சம்பந்தத்தை முறிப்பது அநியாயம்.

செலவுக்கு வழி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றில் ஏழைகளுக்கும் சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு அடைக்காத செலவுகள்தான் ஏழைகளை முறிக்கின்றன. பஸ் கட்டணம், தங்கும் செலவு, துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலி ஆகியவை அவை. ஜகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிக்கு இவற்றுக்காக ஜகாத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம்.

நம் அறக்கட்டளையின் இப்போதைய நடைமுறை இது: மருத்துவ உதவி விண்ணப்பத்தில் நோயின் பெயர் செயலாளருக்கும் ஒரு பெண் பொறுப்பாளருக்கும் மட்டுமே தெரியும். பெண்கள் அந்தப் பொறுப்பாளரிடம் நேரில் பேசலாம், அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை. பள்ளிவாசலில் பெயரோ தெருவோ நோயோ அறிவிக்கப்படாது. பொதுவாக மருத்துவ நிதி என்று மட்டுமே வசூலிப்போம். கொடுப்பவர்கள் "யாருக்கு?" என்று கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ்வுக்குத் தெரியும், அது போதும்.

அந்தச் சகோதரி இப்போது புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பெண்களுடன் முதல் கீமோவுக்குத் துணையாகப் போகிறார். மூன்றாவது கீமோ நாளன்று அவர்களுக்கு அவரே போன் செய்து, "கிளம்பிட்டியா?" என்று கேட்கிறார்.

யா அல்லாஹ், நோயுற்ற எங்கள் சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களின் வலியைப் பாவமன்னிப்பாக ஆக்குவாயாக. அவர்களின் மானத்தைக் காக்கும் நாவையும், சுமையைப் பகிரும் கையையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்